சும்மா கொடுத்த பால்

என் நாத்தனார் நூர் நிஷாவைப் பற்றி யாராவது கேட்டால் நான் முதலில் தலையில் அடித்துக்கொள்வேன். பிறகுதான் பேச்சு வரும். இந்த ஊரில் எல்லாரும் அவரைப் பற்றி நல்லதாகவே பேசுகிறார்கள். பேசுவதற்கென்ன, காசா பணமா? கூடவே இருந்து சாணி அள்ளினவள் நான். அந்த நல்ல மனசு எங்களைக் கொண்டுபோய் எங்கே நிறுத்தியது என்று எனக்குத்தான் தெரியும்.

லாத்தா, அக்காவை எங்களில் அப்படித்தான் கூப்பிடுவோம், பிறந்தது சைகோனில். காரைக்காலிலிருந்து வந்த துணிக்கடைக்காரரின் மூத்த மகள். கடை இருந்த காலத்தில் வீட்டில் வேலைக்கு ஆள், பள்ளிக்கூடம் போக வர சைக்கிள் ரிக்‌ஷா, பிரெஞ்சுப் பாடம் என்று ராஜாத்தி மாதிரி வளர்ந்தவராம். எழுபத்தைந்தில் ஆட்சி மாறியது, கடை போனது. சொந்தக்காரர்கள் ஒருத்தர் பின் ஒருத்தராகப் பிரான்சுக்கும் காரைக்காலுக்கும் கிளம்பினார்கள். என் மாமனார் மட்டும், "எல்லாம் சரியாயிடும், கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். சரியாகவில்லை. குடும்பத்தை நகரத்துக்கு வெளியே குச்சி என்கிற ஊர்ப் பக்கம் காட்டு நிலத்துக்கு அனுப்பிவிட்டார்கள். துணியை முழம் போட்ட கையில் மண்வெட்டி. லாத்தா மரவள்ளி போட்டுப் பார்த்தார், நிலக்கடலை போட்டுப் பார்த்தார், ஒன்றும் தேறவில்லை. பிறகு எப்படியோ ஒரு மாடு வாங்கினார். மாடு தேறியது.

அதற்கப்புறம் அவருக்கு வாழ்க்கை என்றால் மாடுதான். நடுவில் இந்த நாட்டுச் சாம் இனத்து முஸ்லிம் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டார், நல்ல மனிதராம், சீக்கிரமே மவுத்தாகிவிட்டார். பிள்ளை இல்லை. தம்பி கிதிர் முகம்மதுவை வளர்த்து ஆளாக்கி, பெண் தேடிக் காரைக்காலுக்கு அனுப்பினார். "மாப்பிள்ளைக்குச் சைகோனில் பால் பிசினஸ்" என்று எங்கள் வீட்டில் சொன்னார்கள். ஐஸ்கிரீம் கம்பெனி அளவுக்கு நான் கற்பனை செய்து வைத்திருந்தேன். வந்து இறங்கினால் தகரக் கொட்டகை, மாட்டு மூத்திர நாற்றம், பழைய ஹோண்டாவின் இரண்டு பக்கமும் பால் கேன். என் நசீபு, வேறென்ன சொல்ல?

ஆனாலும் பொய் சொல்லக்கூடாது, பிழைப்பு நன்றாகவே நடந்தது. சைகோன் நடுவில் முதல் டிஸ்ட்ரிக்டில் இருக்கிற இந்தியக் கடைகளுக்குப் பாக்கெட் பால் ஆகாது. தயிர் உறையாது, டீ நிறம் பிடிக்காது என்பார்கள். தேனப்பன் அண்ணனின் மெஸ் ஒன்றுக்கே ஒரு கேன் போகும். பள்ளிவாசலில் டீ போட நம் பால், த்ருவோங் டின் தெரு மாரியம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமை அபிஷேகத்துக்கும் நம் பால்தான். என் வீட்டுக்காரர் விடிவதற்குள் ஹோண்டாவில் கிளம்பிப் போவார், மதியம் வந்து படுத்துவிடுவார். கறவைக்கு நாலு மாடு. அதில் மாய் என்று ஒன்று, கறுப்பும் வெள்ளையும், மற்றதில் இரண்டு மாடு கறக்கிறதை அது ஒன்றே கறக்கும். வேறு யார் உட்கார்ந்தாலும் உதைக்கும், லாத்தா உட்கார்ந்தால் கண்ணை மூடிக்கொண்டு அசைபோடும். லாத்தா மாட்டைக் கொஞ்சுவது வியட்நாமியத்தில், திட்டுவது தமிழில். இரண்டும் அதற்குப் புரியும்.

இந்த நாலு மாடுதான் எங்களுக்குச் சோறு, மின்சாரக் கட்டணம், மருந்து மாத்திரை எல்லாம். கொரோனாவில் பாதை அடைபட்ட பிறகு, அது திறக்கிற வரைக்கும் இதுகளைக் காப்பாற்றிவிட முடியுமா என்பதுதான் எங்கள் கவலை.

நோய் வந்த முதல் வருஷம் அரசாங்கம் கெட்டிக்காரத்தனமாகக் கதவைச் சாத்திக்கொண்டது. எங்கள் பக்கம் யாருக்கும் தும்மல்கூட வரவில்லை. உலகமே மெச்சியது, நாங்களும் பெருமைப்பட்டோம். அந்தப் பெருமைதான் வினையாகப் போயிற்று. ஒரு பரீட்சையில் முதல் மார்க் வாங்கினவன் அடுத்த பரீட்சைக்குப் புத்தகத்தைத் தொடாத மாதிரி ஆகிவிட்டது. மறு வருஷம் மழையோடு நோய் உள்ளே வந்தபோது கையில் இருந்ததெல்லாம் ஒலிபெருக்கியும் சிவப்பு வெள்ளை நாடாவும்தான்.

அடைப்புத் தொடங்கிய அன்றைக்குப் பால் கொண்டுபோன என் வீட்டுக்காரர் திரும்பவில்லை. பள்ளிவாசலுக்குப் பக்கத்துச் சந்தில், களைத்தால் சாய்ந்துகொள்ள ஒரு அறை வைத்திருந்தார். அந்தச் சந்தில் யாருக்கோ நோய் என்று இரண்டு பக்கமும் அடைத்துவிட்டார்கள். ஒரு வீட்டில் நோய் விட்டால் இன்னொரு வீட்டில் என்று அந்தச் சந்து திறக்கவே இல்லை. இந்தப் பக்கம் நானும் லாத்தாவும், நாலு மாடும்.

ஹோண்டா அவரோடு போய்விட்டதால் பக்கத்து வீட்டு வண்டியை இரவல் வாங்கி, கேனைக் கட்டிக்கொண்டு நானே கிளம்பினேன். பாலத்துக்கிட்டே தடுப்பு. கம்யூன் என்கிற ஊராட்சி அலுவலகத்தில் வேலை பார்க்கிற பாவோ அங்கே உட்கார்ந்திருந்தான். நல்ல பையன்தான், ஒல்லியாக இருப்பான், இரண்டு நாளாகத் தூங்காதவன் மாதிரி கண் சிவந்து கிடந்தது. அவன் வியட்நாமியத்தில் பேசியதை நான் என் தமிழில் சொல்கிறேன்.

"அக்கா, அத்தியாவசியப் பொருள் மட்டும்தான் போகலாம்."

"பால் அத்தியாவசியம் இல்லியா?"

"பால் அத்தியாவசியம்தான். லேபிள் ஒட்டின பால். உங்க பாலுக்கு லேபிளும் இல்ல, கம்பெனி பேரும் இல்ல. பேர் இல்லாத பொருளை நான் எந்தக் கணக்குல விடுறது?"

"மாட்டு மடியில லேபிள் ஒட்டியாப்பா அனுப்புறது?"

அவன் சிரிக்கவில்லை. மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னான். கேட்டான், பாவம். ஒரு விதமான அனுமதிச் சீட்டு வேண்டும் என்றார்கள். அதற்கு அலைந்து வாங்கி முடித்த அன்று அந்தச் சீட்டு செல்லாது, புதுமாதிரிச் சீட்டு வேண்டும் என்றார்கள். புதுமாதிரி வந்து சேர்வதற்குள் அதுவும் மாறிவிட்டது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்று ஊரில் சொல்வார்கள். இங்கே சாமி எது, பூசாரி எது என்றே விளங்கவில்லை.

மனுஷனை வீட்டுக்குள் இரு என்றால் இருந்துவிடுவான். மாட்டுக்கு யார் உத்தரவு போடுவது? வேளைக்குக் கறக்காவிட்டால் மடி கல்லாகும், சீழ் பிடிக்கும், அப்புறம் மாடே போய்விடும். கறந்தோம். தயிர் போட்டோம், வெண்ணெய் எடுத்தோம், நெய் காய்ச்சினோம். நெய் ஊற்ற டப்பா இல்லாமல் மீன் சாறு வந்த போத்தலையெல்லாம் கழுவிக் காய வைத்தேன். பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தோம். அவர்கள் பச்சைப் பால் குடித்துப் பழகாதவர்கள். தெருவே வயிறு கலங்கிக் கிடந்தது, மறுநாள் கேனோடு என்னைப் பார்த்தாலே கதவைச் சாத்தினார்கள். மீதிப் பாலை வாழை மரத்தடியில் ஊற்றினோம். ஊற்றும்போது லாத்தா முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அரசாங்கம் அரிசி கொடுத்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன், பட்டாளத்துக்காரர்களே கொண்டுவந்து வாசலில் வைத்தார்கள். முட்டை, கோசு, சமையல் எண்ணெய், நூடுல்ஸ் பாக்கெட் எல்லாம் வந்தது. மனுஷர் பட்டினி கிடக்கக்கூடாது என்று யாரோ எங்கேயோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். மனுஷர் எதை வைத்துப் பிழைக்கிறார்களோ அதுவும் தின்னும் என்று யாரும் யோசிக்கவில்லை. எங்கள் மாடுகளுக்கு முக்கியத் தீவனம் பீர் ஆலையிலிருந்து வருகிற சக்கை. ஹராமான சரக்கிலிருந்து வருகிற சக்கையை ஹலாலான மாடு தின்னலாமா என்று நான் வந்த புதிதில் லாத்தாவிடம் சண்டை போட்டிருக்கிறேன். இப்போது அந்தச் சக்கைக்கு ஏங்கினேன். சக்கை லாரி நின்றுபோனது. வைக்கோல் விலை ஏறியது. புல் அறுக்கலாம் என்றால் நல்ல புல் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், அது அடுத்த கம்யூன், தடுப்புக்கு அப்பால்.

அந்த நேரத்தில்தான் மாய் கன்று போட்டது. கிடாரி, பெண் கன்று. லாத்தாவுக்கு ஊரடங்காவது ஒன்றாவது, முகமெல்லாம் பல்.

சீம்பாலை விற்கக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். நாலு பேருக்குக் கொடுத்துத்தான் தின்ன வேண்டும், கொடுத்தால்தான் மடி பெருகும் என்பார்கள். லாத்தா பனைவெல்லமும் ஏலக்காயும் போட்டு, ஆவியில் வைத்து, கத்தியால் துண்டு போட்டார். தெருவில் கதவைத் தட்டினால் திறக்க மாட்டார்கள், வயிற்றுப் பயம். அப்புறம் யாருக்குக் கொடுப்பது? தட்டைத் துணியால் மூடிக்கொண்டு பாலத்துத் தடுப்புக்குப் போய்விட்டார். பின்னாலேயே நான் ஓடினேன்.

"நம்ம பிழைப்பை மறிச்சு நிக்கிறவனுக்கா லாத்தா பலகாரம்?"

"வெயில்லயும் மழையிலயும் நிக்கிறான் புள்ளே. அவனும் ஒருத்தி பெத்த பிள்ளைதானே."

பாவோவும் கூட நின்ற பையன்களும் தின்றார்கள். முதலில் கொஞ்சம் கிள்ளிப் பார்த்தார்கள், பிறகு தட்டையே வழித்தார்கள். வாயைத் துடைத்துக்கொண்டு பாவோ கேட்டான்.

"பெரியம்மா, இதுக்கு எவ்வளவு?"

"இதை யாராச்சும் விப்பாங்களா? சும்மாதான்."

அவன் முகத்தில் ஏதோ வெளிச்சம் வந்தது. "அப்போ பாலையும் சும்மா கொடுப்பீங்களா? தினமும் காலையில நன்கொடை வண்டி ஒண்ணு நகரத்துக்குப் போகுது. காசு வாங்காத பொருளா இருந்தா லேபிள் கேக்க மாட்டாங்க. பேனர் கட்டினா போதும்."

நான் குறுக்கே புகுந்தேன். "ஏம்ப்பா, வித்தா நோய் பரவும், சும்மா கொடுத்தா பரவாதா?"

"அக்கா, நான் எழுதின சட்டமா இது?" என்றான்.

லாத்தா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, சரி என்றுவிட்டார். மறுநாளிலிருந்து எங்கள் பால் மஞ்சள் பேனர் கட்டிய வண்டியில், பூசணிக்காய்களுக்கு நடுவே உட்கார்ந்து, ஜம்மென்று பாலத்தைத் தாண்டிப் போனது. தாய் தகப்பன் ஆஸ்பத்திரியில் கிடக்கிற பிள்ளைகளை ஒரு பள்ளிக்கூடத்தில் வைத்திருந்தார்களாம். அங்கே காய்ச்சிச் சர்க்கரை போட்டுக் கொடுத்தார்கள். ஒரு நர்ஸம்மா போன் செய்து, பிள்ளைகள் இரண்டாவது தம்ளர் கேட்கிறார்கள் என்றார். லாத்தா அந்தப் போனை வைத்துவிட்டு, கொட்டகைக்குப் போய் மாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். எனக்கும் கண் கலங்கியது, மறைப்பானேன்? ஆனால் கண் கலங்கினால் மாட்டுக்கு வயிறு நிறையுமா?

"என் வீட்டுக்காரர் அங்கேதானே இருக்காஹ. வண்டிக்காரன்கிட்ட சொல்லி ரெண்டு லிட்டர், மூணு லிட்டர் அவஹ சந்துல இறக்கி, தெரிஞ்ச வீட்டுக்கு விக்கச் சொல்லுவோமா?" என்று மெல்லக் கேட்டேன்.

"கொடுக்கிறேன்னு சொன்னதுல திருடச் சொல்றியா?" என்று திருப்பிக் கேட்டார் லாத்தா. தேனப்பன் அண்ணனிடம் கொஞ்சம் முன்பணம் கேட்கலாம் என்றால், அவரே அடுப்பு அணைந்த மெஸ்ஸில் தயிர் சாதத்துக்குத் தயிர் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

இதற்கு மேல் நடந்ததைச் சொன்னால் எனக்கு இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றும். மாடு வளர்க்கிற வீடுகள் கஷ்டப்படுகின்றன என்று மேலே யாருக்கோ ஒரு வழியாக உறைத்துவிட்டது. தீவன மூட்டை கொடுக்கப்போகிறோம், யாருக்குத் தேவை என்று விசாரிக்க வேண்டும் என்று பாவோ வீடு வீடாக வந்தான். எங்கள் வீட்டுக்கும் வந்தான். முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் தெரிய, வாசலுக்கு வெளியே நின்று கேட்டான்.

"பெரியம்மா, உங்களுக்கு ஏதாவது கஷ்டம் இருக்கா?"

என் நாத்தனார் எங்கள் காரைக்கால் வழக்கத்தைப் பிரெஞ்சுப் பாடத்தோடு சேர்த்துக் குடித்து வளர்ந்தவர். வாசலில் வந்து நின்றவனிடம் தனக்கு ஒன்று இல்லை என்று சொல்லி அறியாதவர். கடை போனபோதும், புருஷன் மவுத்தானபோதும், யாராவது விசாரித்தால் ஒரே பதில்தான். அதையே இப்போதும் சொன்னார்.

"எங்களுக்கு என்னப்பா குறை? அல்லா நல்லாத்தான் வச்சிருக்கான். நீ டீ குடிக்கிறியா?"

நான் பின்னாலிருந்து முதுகில் கிள்ளினேன். ஒன்றுக்கு இரண்டாகக் கிள்ளினேன். அசையவே இல்லை. நான் முன்னால் வந்து, "இல்லப்பா, தீவனம் சுத்தமா இல்ல, மாடெல்லாம் எலும்பும் தோலுமா..." என்று ஆரம்பித்தேன். "அவ கிடக்கிறா, எப்பவும் புலம்புவா" என்று லாத்தா என்னை உள்ளே தள்ளினார். பாவோ சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டு போனான்.

"ஏன் லாத்தா அப்படிச் சொன்னீங்க?" என்று கத்தினேன்.

"தினமும் பால் கொடுக்கிற கையால எப்படிப் புள்ளே மூட்டை கேக்கிறது? கொடுத்ததுக்குக் கூலி கேட்ட மாதிரி ஆயிடாதா?"

தெருவில் தீவன மூட்டை வந்து இறங்கியது. ஒற்றைக் கிழட்டு எருமை வைத்திருந்த வீட்டுக்குக்கூட வந்தது. அந்த எருமை வருஷக்கணக்காய்ப் பால் கொடுத்ததில்லை. எங்கள் வீட்டைத் தாண்டி லாரி போனது.

நான் விடவில்லை. கம்யூன் அலுவலகத்துக்கே போனேன். வெளியிலேயே நிறுத்தி, கையில் மருந்து அடித்து, மூக்கில் பஞ்சு விட்டு, ஒரு வழியாகப் பாவோவைக் கூப்பிட்டார்கள். மேசைக்கு அடியில் அவன் பாயும் தலையணையும் சுருட்டிக் கிடந்தன. அங்கேயேதான் தூங்குகிறான் போலிருக்கிறது.

"அக்கா, நீங்க நன்கொடை கொடுக்கிறவங்க. கொடுக்கிறவங்க ஒரு பட்டியல், கஷ்டப்படுறவங்க ஒரு பட்டியல். ஒரே வீடு ரெண்டுலயும் வந்தா மேல கேள்வி கேப்பாங்க."

"கொடுக்கிறவனுக்குப் பசிக்காதா?"

"பசிக்கும். ஆனா படிவத்துல அதுக்குக் கட்டம் இல்ல. வேணும்னா உங்களைக் கஷ்டப்படுறவங்க பட்டியலுக்கு மாத்துறேன். அப்புறம் உங்க பால் அந்த வண்டியில ஏற முடியாது. கஷ்டப்படுறவங்க எப்படி நன்கொடை கொடுக்க முடியும்னு கேப்பாங்க."

அவனைத் திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அவன் கண்ணின் சிவப்பைப் பார்த்ததும் திரும்பி நடந்தேன். அவன் சொன்னதை அப்படியே வந்து லாத்தாவிடம் சொன்னேன்.

"பாலை நிறுத்திடுவோம் லாத்தா. மூட்டை வரும், மாடு பிழைக்கும். பாதை திறந்ததும் எவ்வளவு வேணுமோ அவ்வளவு தானம் பண்ணுங்க, நான் குறுக்க நிக்கல."

"பாதை எப்போ திறக்கும்?"

"யாருக்குத் தெரியும்?"

"அதுவரைக்கும் அந்தப் பிள்ளைங்க என்னத்தைக் குடிக்கும்?"

"நம்ம மாடு என்னத்தைத் தின்னும்? அதைச் சொல்லுங்க முதல்ல."

அன்றைக்குப் பெரிய சண்டை. நான் சோறு தின்னாமல் படுத்தேன். காலையில் எழுந்து பார்த்தால் லாத்தா மாட்டுத் தரகருக்குப் போன் செய்து முடித்திருந்தார். ஒரு மாட்டை விற்று மற்ற மூன்றுக்கும் தீவனம் வாங்குவது என்று அவராகவே முடிவு செய்துவிட்டார்.

தரகர் லாரியோடு வந்தார். நான் ஆச்சரியப்பட்டுப்போனேன், பாலத்தில் எப்படி விட்டார்கள்? லாரியின் முன்கண்ணாடியில் பளபளவென்று அனுமதிச் சீட்டு. இறைச்சி அத்தியாவசியப் பொருளாம். அல்லாவே! மாட்டுப் பாலுக்கு வழி இல்லை, மாட்டுக்கு வழி இருக்கிறது! கறக்கிற மாட்டை அடிமாட்டு விலைக்குக் கேட்டார் அந்த மனிதர். மடியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, விலா எலும்பைத்தான் தடவினார். ஊரில் எல்லாரும் விற்கிறார்கள், விலை இன்னும் இறங்கும் என்றார். கொடுத்தோம்.

அந்தக் காசு வைக்கோலாகி, வைக்கோல் சாணியானது. அடுத்த மாடு போனது. தவிட்டு வியாபாரி காட்டில் மழை. மூன்றாவதும் போனது. அது போன அன்று லாத்தா கொட்டகைப் பக்கமே வரவில்லை, உள்ளே ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு கிழிந்த சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தார். பால் குறைந்தாலும் மஞ்சள் வண்டிக்கு ஒரு கேனாவது போய்க்கொண்டே இருந்தது. நர்ஸம்மா போன் செய்வதும் நிற்கவில்லை.

மாயை மட்டும் தொடக்கூடாது என்று நான் குரான் மேல் சத்தியம் செய்யாத குறை. ஆனால் காய்ந்த வைக்கோலையே தின்று மாயும் வற்றிக்கொண்டு வந்தது. பிறகு காய்ச்சல் கண்டது. மாட்டு டாக்டர் அடுத்த கம்யூனில் இருந்தார். போனிலேயே மருந்து சொன்னார், மருந்துக் கடை தடுப்புக்கு அப்பால். பாவோவே அலைந்து யாரையோ பிடித்து வாங்கிக்கொண்டு வந்தான், அதற்குள் பின்னங்கால் தாங்கவில்லை. படுத்த மாடு செத்தால் ஒரு காசு தேறாது, உயிரோடு நிற்கும்போதே கொடுங்கள் என்றார் தரகர். லாத்தா மாயின் நெற்றியில் கை வைத்து, வியட்நாமியத்தில் ரொம்ப நேரம் ஏதோ பேசினார். எனக்கு அந்தப் பாஷை இத்தனை வருஷத்தில் நன்றாகவே தெரியும், ஆனாலும் என்ன பேசினார் என்று நான் சொல்லப்போவதில்லை. நாலு பேர் தாங்கிப் பிடித்து மாயை லாரியில் ஏற்றினார்கள். கன்றுக்குட்டியைச் சேர்த்துக் கொடுத்தால் நல்ல விலை தருவதாகத் தரகர் சொன்னார். லாத்தா கன்றின் கயிற்றைத் தன் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

லாரி பாலத்தைத் தாண்டுகிற சத்தம் எங்கள் வீடு வரைக்கும் கேட்டது. எனக்கு வந்த கோபத்தில் யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை. அரசாங்கத்தையா, அந்தக் கட்டம் போட்ட காகிதத்தையா, இந்த மகராசியையா? மூன்று பேரையும் வரிசையாகத் திட்டி முடித்து, கடைசியில் அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

அதற்கு அடுத்த வாரம் பாதை திறந்தது.

ஆமாம், அடுத்த வாரம். இன்னும் ஏழெட்டு நாள் இழுத்துப் பிடித்திருந்தால்! ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டார்கள், நாடாவைச் சுருட்டினார்கள், நோயோடு சேர்ந்தே வாழப் பழகுவோம், பொருளாதாரம் மீளட்டும் என்றார்கள். என் வீட்டுக்காரர் இளைத்துக் கறுத்து, ஹோண்டாவில் காலி கேன்களோடு வந்து இறங்கினார். கொட்டகையைப் பார்த்தார். கேன்களை அவிழ்த்துத் திண்டு மேல் கவிழ்த்து வைத்தார்.

அன்றைக்கே பாவோ வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, கையில் கண்ணாடிச் சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரம், கூடவே போட்டோ எடுக்கிற ஒரு பெண். நோய்க்காலத்தில் தன்னலமில்லாமல் உதவிய குடிமகள் என்று தங்க எழுத்தில் லாத்தாவின் பெயர். உள்ளபடியே அவனுக்குப் பெருமை. தான் பரிந்துரைத்ததாக இரண்டு தடவை சொன்னான்.

"மாட்டோட நின்னா நல்லா இருக்கும்" என்றாள் போட்டோப் பெண்.

"மாடு இல்ல" என்றேன்.

கன்றுக்குட்டியைக் காட்டினேன். அது சின்னதாக இருக்கிறது, பால் கொடுக்கிற மாதிரித் தெரிய வேண்டாமா என்றாள். பாவோ கொஞ்சம் யோசித்துவிட்டு, பக்கத்து வீட்டு எருமையை ஒரு நிமிஷம் இரவல் வாங்கி வரட்டுமா என்று கேட்டான். தீவன மூட்டை தின்று அது மினுமினுவென்று இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, வந்த வேலை நல்லபடி முடிய வேண்டும் என்றுதான் கேட்டான். அதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடப் போனேன். அந்தச் சமயத்தில் லாத்தாவின் போன் அடித்தது. தேனப்பன் அண்ணன். மெஸ்ஸைக் கழுவி விட்டாராம், நாளைக்கு அடுப்பு மூட்டுகிறாராம், குரல் சந்தோஷத்தில் வாசல் வரைக்கும் கேட்டது.

"ஆச்சிக்கு சலாம்! நாளையில இருந்து பழையபடி ஒரு கேன் அனுப்பிடுங்க. நம்ம பால் இல்லாம நாக்கே செத்துப்போச்சு."

லாத்தா போனைக் காதிலிருந்து எடுத்தார். என்னிடம் தருவார் என்று கை நீட்டினேன். என்னைத் தாண்டிப் போய்ப் பாவோவின் கையில் வைத்தார்.

"நீ சொல்லுப்பா. பால் கேக்கிறாஹ."

பாவோ பத்திரத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனைக் காதில் வைத்தான். தேனப்பன் அண்ணனும் வியட்நாமியம் பேசுவார். இவன் இரண்டு மூன்று தடவை ஹலோ சொன்னான். பிறகு கொட்டகையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தான். இப்போதைக்குப் பால் இல்லை என்றான். எப்போது கிடைக்கும் என்று அவர் கேட்டிருப்பார் போல. பாவோ போனைக் கையால் பொத்திக்கொண்டு லாத்தாவிடம் திரும்பினான்.

"எப்போன்னு கேக்கிறார், பெரியம்மா. அடுத்த வாரம்னு சொல்லட்டுமா?"

லாத்தா குனிந்து கன்றுக்குட்டியின் காலை அளப்பது மாதிரி தடவிப் பார்த்தார்.

"இது வளரணும். சினை பிடிக்கணும். ஈனணும்" என்றார். "ரெண்டு வருஷத்துக்கு மேல ஆகும்னு சொல்லு."